மூன்றாவது வயர்

மொட்டை மாடியில் கேபிள்காரப் பையன் போட்ட சத்தம் கீழே தெருவரை கேட்டது. இரண்டு மாதப் பாக்கி வைத்திருந்த வீட்டின் கனெக்‌ஷனைக் கழற்ற மேலே ஏறியிருந்தான். முந்தின இரவு மழை. ஒரு கையால் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்பிளிட்டரிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் வயரைத் திருகி எடுத்தான். எடுத்த முனை சுர்ரென்று விரலைக் கடித்தது. டிவி வயரில் கரண்ட் வராது என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அதற்குக் காரணமானவர் இரண்டு தெரு தள்ளி, திருவல்லிக்கேணி சந்து ஒன்றில், எட்டுக்குப் பத்து அடிக் கடையில் ஒரு டிவியின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயம் காதுக்கு வந்ததும் அவருக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரம் முன்பு அதே வீட்டில் அவர் சுற்றிய கறுப்பு இன்சுலேஷன் டேப் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அது 2001. மெக்கானிக்குத் தொழிலில் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. டயனோரா, சாலிடர் என்று கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் கை பழகியவர். மூடியைத் திறந்ததும் வரும் வாடையை வைத்தே எந்தப் பாகம் வெந்திருக்கிறது என்று சொல்லுவார். கம்ப்யூட்டர் மட்டும் அவருடைய ஊர் இல்லை. அந்த வீட்டுப் பையன் இன்ஜினீயரிங் சேர்ந்த கையோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தான். அதில் விசிடி ஓடும். பதினைந்து இஞ்ச் மானிட்டரைச் சுற்றிக் குடும்பம் முழுக்க நெருக்கியடித்து உட்காருவானேன், ஹாலில் இருக்கும் இருபத்தோரு இஞ்ச் டிவியில் படம் பார்க்கலாமே என்று அப்பாவுக்கு ஆசை. கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டில் ‘டிவி அவுட்’ இருந்தது. அதிலிருந்து டிவியின் மஞ்சள் ஏவி துளைக்கு ஒரு வயர். படம் வந்தது. கூடவே ஒரு பட்டையும் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, கொஞ்சம் மங்கலாக, திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. நிற்காமல் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. பட்டை கடக்கும்போது கதாநாயகியின் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் திரும்பியது.

வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டரின் சொந்த மானிட்டரில் பட்டை இல்லை. டிவியில் கேபிள் சேனல் வைத்தாலும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் மட்டும் வந்தது.

டிவிக்காரர்களுக்குப் பட்டை என்றாலே பில்டர் கண்டென்சர்தான். பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர் வற்றிப்போனால், மின்சாரத்தின் அலை சரியாகத் தட்டையாகாமல் படத்துக்குள் கசியும். அவரும் 400 வோல்ட் கண்டென்சர் புதிதாக ஒன்றை மாற்றிப் பார்த்தார். பட்டை அசையவில்லை. பின்னாளில் இதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வார். பிரிட்ஜ் போட்ட பவர் சப்ளையில் பில்டர் போனால் கசிவது 100 ஹெர்ட்ஸ். திரையில் இரண்டு பட்டை தெரியும். இங்கே தெரிந்தது ஒன்றே ஒன்று. அப்படியென்றால் அது 50 ஹெர்ட்ஸ், சுவரிலிருந்து நேராக வருவது. எண்ணிப் பார்த்திருந்தாலே பெட்டியைத் திறந்திருக்க வேண்டியதில்லை.

டீக்கடையில் யாரோ ஒரு எலெக்ட்ரீஷியன் வழி சொன்னார். “எர்த்தைக் கட் பண்ணிடுங்கண்ணே, போயிடும்.” மெக்கானிக் கம்ப்யூட்டர் பிளக்கின் தடித்த பின்னில் நாலு சுற்று டேப் சுற்றிச் செருகினார். மந்திரம் போட்டதுபோல் பட்டை போய்விட்டது. நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா காபி வேறு கொடுத்தார்கள்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையில், வெளியே இரைச்சல் கசியாமல் தடுக்க இரண்டு சின்னக் கண்டென்சர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்து உடம்புக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து உடம்புக்கு. அவை வழியாக எப்போதும் துளித்துளியாகக் கரண்ட் வடிந்து எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கும். எர்த்தை எடுத்துவிட்டால் வடிய இடமில்லாமல், கம்ப்யூட்டரின் இரும்புக் கூடு 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் மிதக்கும். கூட்டிலிருந்து மஞ்சள் வயரின் மேலுறை, அங்கிருந்து டிவியின் உட்கூடு, அங்கிருந்து கேபிளின் பின்னல் உறை. இரண்டு வாரமாக அந்தக் கசிவு இந்த வழியில் மாடி ஏறிப் போய்க்கொண்டிருந்தது, வீட்டில் யாருக்கும் தெரியாமல். பையன் வயரைக் கழற்றியதும் கரண்டுக்கு அவன் கையும் தண்ணீர்க் குழாயும் வழியாகிவிட்டன.

மெக்கானிக் ஓடிப்போய்க் கூட்டில் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. கூட்டுக்கும் சமையலறைக் குழாய்க்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தார். நூற்றுப் பத்து வோல்ட் காட்டியது. அளவில் அது மிகச் சின்னக் கரண்ட், ஆளைக் கொல்லாது. ஆனால் என்றைக்காவது உள்ளே ஒரு இன்சுலேஷன் கருகிப் பேஸ் நேராகக் கூட்டைத் தொட்டிருந்தால், பியூஸ் போக வழியில்லாமல் முழு 230 வோல்ட்டும் டிவி வழியாகக் கேபிளுக்கு ஏறியிருக்கும். டேப்பைப் பிரித்து எடுத்தார். கேபிளை மறுபடி இணைத்ததும் பட்டை திரும்பி வந்தது. நூற்றைம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். காபியைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று இப்போதும் சிரிப்பார்.

அவருக்கு விஷயத்தை விளக்கியவர் ரிச்சி தெருவில் உதிரி பாகம் விற்ற ஒரு பெரியவர். பில்லின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். கம்ப்யூட்டர் இந்த வீட்டின் எர்த்தில் நிற்கிறது. கேபிளின் பின்னல் எங்கேயோ நாலு வீடு தள்ளி, ஆம்ப்ளிபயர் வைத்திருக்கும் மாடியில் நிற்கிறது. தரைக்குத் தரை ஒரே அளவு வோல்ட்டேஜ் இருக்கும் என்பது புத்தகத்தில்தான். நிஜத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் வித்தியாசம் சாதாரணம். மஞ்சள் வயரைச் செருகியதும் இரண்டு தரையும் கைகோத்துக்கொள்கின்றன. வித்தியாசத்தை ஈடுகட்டக் கரண்ட் ஓடும் பாதை, படம் போகும் அதே வயரின் மேலுறை. அந்த வயரில் படத்துக்கு உள்ள மொத்த அளவே ஒரு வோல்ட்தான், அதிலும் 0.3 வோல்ட் படத்தை நிறுத்திவைக்கும் சிங்க் துடிப்புக்குப் போய்விடும். மிச்சம் 0.7 வோல்ட்டுக்குள் கறுப்பிலிருந்து வெள்ளைவரை எல்லாமே அடங்க வேண்டும். அதில் 0.05 வோல்ட் ஊடுருவினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

டிவியும் கம்ப்யூட்டரும் சாட்சிகள்தான், குற்றவாளி எர்த் எனும் மூன்றாவது வயர் என்று அன்று அவருக்கு விளங்கியது.

பட்டை ஏன் ஊர்கிறது என்பதை அவர் தானாகவே கண்டுபிடித்தார். நம் ‘பால்’ (PAL) முறை டிவி ஒரு நொடிக்கு 50 தடவை திரையை மேலிருந்து கீழே வரைகிறது. வீட்டு மின்சாரமும் நொடிக்கு 50 அலை. இரண்டும் அச்சாக ஒத்துப்போனால் பட்டை ஒரே இடத்தில் நின்றுவிடும். கம்ப்யூட்டர் தன் 50-ஐ ஒரு படிகத்தை வைத்து எண்ணுவதால் அது பிசகாது. பிசகுவது மின்சாரம். மின்சாரம் 50-க்குக் கீழே இறங்கினால் பட்டை கீழே இறங்கும், மேலே போனால் மேலே ஏறும். ஒரு நொடியில் பட்டை திரையை ஒரு முறை கடந்தால் மின்சாரம் 49 ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நாட்களில் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் பட்டை விறுவிறுவென்று இறங்கும், நடுராத்திரியில் மெதுவாகும். தென்னக மின்கட்டமைப்பு எவ்வளவு திணறுகிறது என்று அவர் ஒரு ஹால் டிவியைப் பார்த்தே சொல்லிவிடுவார். 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தென்னகம் நாட்டின் மற்ற மின்கட்டமைப்போடு சேர்ந்தது. இப்போது அலைவெண்ணை 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைக்க வேண்டும் என்பது விதி. 49.95-இல் பட்டை திரையைக் கடக்க இருபது நொடி ஆகும். “முன்னாடி மாதிரி ஓட மாட்டேங்குது, வயசாயிடுச்சு” என்பார், பட்டையைத்தான்.

இதையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொண்டார். லேப்டாப்பை டிவியில் இணைக்கும்போது அது பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் படம் அனுப்பும். அப்போது பட்டை நொடிக்குப் பத்து முறை பறப்பதால், பட்டையாகத் தெரியாமல் படமே நடுங்குவதுபோல் இருக்கும். செட்டிங்கில் 50-க்கு மாற்றினால் நடுக்கம் நின்று, பழைய பட்டை மெல்ல ஊர ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம், எர்த் பிரச்சினை.

சரி, எர்த்தையும் எடுக்கக் கூடாது, பட்டையும் இருக்கக் கூடாது என்றால்? வட்டத்தை வேறு இடத்தில் வெட்ட வேண்டும், அதுவும் கேபிள் பக்கம். கொம்பு ஆன்டெனா காலத்தில் தட்டை வயரை டிவிக்குப் பொருத்த ‘பலன்’ என்று ஒரு சின்னப் பொருள் உண்டு. ஒரு பக்கம் 300 ஓம், இன்னொரு பக்கம் 75 ஓம். உள்ளே கட்டை விரல் நகமளவு பெரைட்டில் சுற்றிய கம்பி. ஆன்டெனாக்கள் கழன்று கேபிள் வந்தபின் அவை கடையில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கிடந்தன. இரண்டு பலனை எடுத்து 300 ஓம் முனைகளை ஒன்றோடொன்று பற்றவைத்தார். 75-இல் நுழைந்த சிக்னல் 300-ஆகி, மறுபடி 75-ஆகி வெளியே வருகிறது. நடுவில் கம்பிக்குக் கம்பி தொடர்பில்லை. காந்தப்புலம் வழியாக மட்டும் தாண்டுகிறது. அந்த மெகாஹெர்ட்ஸ் சிக்னல் தாண்டும், 50 ஹெர்ட்ஸ் தாண்டாது. எல்லாப் பலனும் இப்படிச் சுற்றப்பட்டிருக்காது என்பது அவர் நாலைந்து வீணடித்தபின் கற்றது. ஒரு முனையின் உறையிலிருந்து மறு முனையின் உறைக்கு மல்டிமீட்டர் ‘பீப்’ அடித்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அடிக்காத ஜோடியைப் பழைய சாப் ஸ்டிக் குழாய்க்குள் வைத்து மெழுகு ஊற்றி அடைத்துக் கொடுப்பார். அந்த வீட்டுக்கு முதல் ஜோடியை இலவசமாகப் போட்டார்.

கேபிள் ஆபரேட்டர் ஒருவரின் கன்ட்ரோல் ரூம் விவகாரம் கொஞ்சம் சிக்கலானது. அப்போதெல்லாம் ஒவ்வொரு ஏரியா ஆபரேட்டரும் சொந்தமாக ஒரு லோக்கல் சேனல் வைத்திருப்பார். பிறந்தநாள் வாழ்த்து, கோயில் திருவிழா, கண்ணாடிக் கடை விளம்பரம், ராத்திரி ஒரு படம். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து. அதன் டிவி அவுட் மாடுலேட்டருக்குப் போய், மற்ற சேனல்களோடு கலந்து தெருவுக்கு இறங்கும். இவருடைய சேனலில் மட்டும் பட்டை. கோளாறு ஒரு வீட்டில் என்றால் ஒரு வீடு திட்டும். இங்கே மொத்த ஏரியாவும் போன் பண்ணியது. “அண்ணே, விளம்பரக்காரன் காசு தர மாட்டேங்கறான்” என்று ஆபரேட்டர் கிட்டத்தட்ட அழுதார்.

மெக்கானிக் வழக்கம்போல் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். படத்து வயரை மாற்றினார், பலனில்லை. மாடுலேட்டருக்கு இரண்டு பின் பிளக்தான், அதற்கு எர்த்தே கிடையாது. கடைசியில் வேண்டாவெறுப்பாக மாடுலேட்டரின் ஒலி வயரை உருவினார். பட்டை மறைந்தது. படத்தில் கோளாறு, காரணம் சத்தத்தின் வயர்! அந்த வயர் எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே போனார். சுவரில் துளை போட்டு அடுத்த அறைக்குப் போனது. அங்கே அறிவிப்பு வாசிக்க மைக்கோடு ஒரு ஆடியோ மிக்சர். அதற்கு மூன்று பின் பிளக், வேறு பேஸ், வேறு எர்த் கம்பி. மிக்சரின் எர்த் ஒலி வயர் வழியாக மாடுலேட்டருக்கு வந்து, படத்து வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போய் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

டயல்-அப் மோடம் கார்டில் டெலிபோன் லைனைப் பிரித்து வைக்க ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கும். இடி விழுந்து செத்துப்போன மோடம்கள் கடையில் மூட்டையாகக் கிடந்தன. ஒன்றிலிருந்து டிரான்ஸ்பார்மரைப் பெயர்த்து ஒலி வயரின் நடுவில் சேர்த்தார். பட்டை போனது. ஆனால் சேனலில் லேசாக ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல் மிச்சமிருந்தது. கம்ப்யூட்டரின் சத்தம் மிக்சருக்குப் போகும் வயரில் இன்னொரு வட்டம் அப்படியே இருந்தது. மறுநாள் போய் மிக்சரின் பிளக்கை அந்த அறையிலிருந்து பிடுங்கி, ஒரு நீள எக்ஸ்டென்ஷன் வழியாகக் கம்ப்யூட்டர் செருகியிருந்த அதே போர்டில் செருகினார். உறுமலும் போனது. ஒரு சந்தேகத்தில் டிரான்ஸ்பார்மரையும் கழற்றிப் பார்த்தார். பட்டை வரவில்லை. முதல் நாளே பிளக்கை இடம் மாற்றியிருந்தால் சால்டரிங் அயர்னைச் சூடாக்கவே வேண்டியிருந்திருக்காது. எல்லாவற்றையும் ஒரே போர்டில் செருகுவது என்ற அந்த எளிய வைத்தியம் அவருடைய பாதி வாடிக்கையாளருக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குக் காசு கேட்பதுதான் கஷ்டம்.

கல்யாண மண்டபங்களில் வேறு மாதிரி. வீடியோக்காரர் லேப்டாப் மேடைக்குப் பக்கத்தில், பெரிய எல்சிடி டிவி சாப்பாட்டுக் கூடத்து வாசலில், நடுவில் இருபது மீட்டர் விஜிஏ வயர். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது மாப்பிள்ளை–பெண் படத்தின் மேல் பட்டை ஓடும். அங்கே போய் எர்த்தெல்லாம் அளந்துகொண்டிருக்க முடியாது. “தம்பி, சார்ஜரைப் பிடுங்கு” என்பார். பேட்டரியில் ஓடும் லேப்டாப்புக்கு எர்த்தோடு சம்பந்தமில்லை, வட்டம் அறுந்துவிடும். பட்டை போனால் நோயும் தெரிந்தது, தாலி கட்டும்வரை மருந்தும் ஆயிற்று. பட்டை போகாவிட்டால் விஜிஏ வயர் எதன்மேல் கிடக்கிறது என்று பார்ப்பார். சீரியல் லைட் வயரோடு சேர்த்துக் கட்டி ஒரே கட்டாக இழுத்திருப்பார்கள். பிரித்துத் தள்ளிப் போட்டு, கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படத்தில் எது வந்தாலும் எர்த் என்று சொல்லும் ஆளும் அவர் இல்லை. வரிசையாகப் புள்ளிகள் பொறிபோல் தெறித்தால் பக்கத்து வீட்டு மிக்ஸியின் கார்பன் பிரஷ். அல்லது எலெக்ட்ரானிக் பேன் ரெகுலேட்டர். டிவி அவுட்டில் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டால் கம்ப்யூட்டரில் என்டிஎஸ்சி என்று இருக்கும். பால் என்று மாற்றினால் போதும். உருளாமல் கறுப்பு வெள்ளையாக மட்டும் இருந்தால், எஸ்-வீடியோவிலிருந்து மஞ்சள் பின்னுக்கு மாற்றும் மலிவு வயரில் வண்ணக் கம்பியை இணைக்காமலே விட்டிருப்பார்கள். ஒரு 470 பிகோபேரட் கண்டென்சர் வைத்து அவரே இணைத்துவிடுவார். விஜிஏ படம் முழுக்க நீலமும் பச்சையுமாக இருந்தால் முதல் பின் மடங்கியிருக்கிறது. சிவப்பு வருவது அதில்தான்.

எச்டிஎம்ஐ வந்தபின் பட்டை ஏறக்குறைய ஒழிந்தது. டிஜிட்டல் சிக்னலில் 50 ஹெர்ட்ஸ் நுழைந்தாலும் படமாகத் தெரியாது. அதற்குப் பதில் வேறு தொல்லை: ஒன்று படம் துல்லியமாக வரும், இல்லையென்றால் மின்மினிபோல் புள்ளிகள், நொடி நேரக் கறுப்பு. 2020-இல் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தபோது அவருக்கு வந்த அழைப்புகளில் பாதி இதுதான். ஒரு வீட்டில் ஆன்லைன் வகுப்பு நடுவில் டிவி கறுத்துக் கறுத்துத் திரும்பியது. சிறுமி ஒரு நோட்டில் நேரம் குறித்து வைத்திருந்தாள். பார்த்தால், ஒவ்வொரு முறையும் பாட்டி அடுத்த அறையில் டியூப் லைட்டைப் போட்டிருக்கிறார். பழைய சோக்கின் உதறல், உறை சரியில்லாத ஐந்து மீட்டர் மலிவு வயரில் ஏறியிருக்கிறது. ஒன்றரை மீட்டர் நல்ல வயர் போட்டதும் பாட்டி நிரபராதியானார். வாயுத் தண்டு உள்ள சுழல் நாற்காலியிலிருந்து எழுந்தாலே திரை கறுப்பது உண்டு என்று அவர் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் அது உண்மை. எழும்போது தண்டில் உண்டாகும் நிலைமின் துடிப்பே வயரை உலுக்கப் போதும்.

படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது, கீழே பட்டன் வரிசை தெரியவில்லை என்று கூப்பிடுபவர்களிடம் அவர் போனிலேயே முடித்துவிடுவார். டிவியின் பட அளவு செட்டிங்கில் ‘ஸ்கிரீன் பிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’. சில டிவிகளில் அந்த இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினால் போதும். வயர் ஒரு பாவமும் செய்யவில்லை.

பட்டை ஒழிந்தாலும் எர்த் ஒழியவில்லை. இப்போது அது சுர்ரென்று மட்டும் வருகிறது: லேப்டாப்பின் உலோக மூடியில், டிவியின் எச்டிஎம்ஐ துளையில். பின்னைத் தொட்டுத் தொட்டுத் துளை தேடும்போது, அந்தப் பாதி வோல்ட்டேஜ் போர்டைச் சுட்டுவிடுவதும் உண்டு. அதனால் இரண்டு பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டுத்தான் எச்டிஎம்ஐயைச் செருகுவார். செருகியபின் பவர். கேபிளோ டிஷ்ஷோ கடைசியில்.

அவருக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது சுவர்ப் பிளக்கைத்தான். மூன்று பின் துளையில் இரண்டு பின் செருகியிருக்கிறதா, தடித்த பின்னை யாராவது உடைத்திருக்கிறார்களா, டேப் சுற்றியிருக்கிறார்களா. மூன்றாவதைப் பார்த்தால் மட்டும் கோபம் வரும். எதிரில் நிற்பவர்மேல் அல்ல. உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒருமுறை குனிந்து பாருங்கள். அந்தப் பின் இல்லையென்றால் பிளக்கை மாற்றுங்கள், பின் இருந்தும் கூடு சுர்ரென்றால் டிவி மெக்கானிக்கை விட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.